மருந்துக் கேனும் பேச்சியம்மாவின் ரொட்டி வண்டியும்

அனுப்புநர்:
பெ. மாயாண்டி,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
ஆறாம் நம்பர் லயம், கீழ்ப்பிரிவு,
கல்லுமலைத் தோட்டம்,
ஹட்டன் வழி.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை,
கல்லுமலை.

பொருள்: கல்லுமலைச் சந்தியில் திருமதி பேச்சியம்மாவின் ரொட்டி வண்டியைத் தூக்கிச் சென்றது பற்றியும், அதற்குக் காரணமான மருந்துக் கேன்கள் இன்றும் தோட்டத்தில் விற்கப்படுவது பற்றியும் முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்களுடைய பரிசோதகர் சந்தியில் வைத்து என்னிடம், "வாயால சொல்றத எல்லாம் எடுக்க ஏலாது தாத்தா, எழுத்துல குடுங்க பாப்போம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போன வருடமாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில், குழந்தைகளுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இந்த மனுவைத் தானே எழுதித் தருவதாக அங்கே சொல்லித்தரும் ஜெனிதா டீச்சர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன். தாங்களும் மெதுவாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. கல்லுமலைச் சந்தியில் குழாய் கிடையாது. அங்கே ரொட்டி, வடை விற்பவர்கள் கீழே மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, ஏற்றத்தில் தூக்கி வர வேண்டும். பேச்சியம்மாவும் அப்படித்தான் செய்தார். முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்ட பெண் அவர். முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ரொட்டி சுட்டு விற்றே வீட்டில் உலை வைக்கிறார். அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

3. அவர் தண்ணீர் கொண்டு வந்தது வெள்ளைக் கேனில். அது களையைக் கருக்கும் புல்லு மருந்து வரும் கேன். இதைத் தாங்கள் பெரிய குற்றமாக நினைக்கக்கூடும். எங்கள் லயத்து வீடுகளை ஒருமுறை வந்து பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். மருந்து தீர்ந்ததும் தோட்டத்து இஸ்டோரில் காலிக் கேன்களை எங்களுக்கு விற்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும் என்று போட்டி நடக்கும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வாய்ப்பக்கம் வெயிலைப் பார்க்கக் கவிழ்த்துக் காயவைத்தால் சுத்தமாகிவிட்டது என்பது எங்கள் கணக்கு. பெண்ணுக்குச் சீர் அனுப்பும்போது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இந்தக் கேனையும் வைத்து அனுப்பிய வீடுகள் உண்டு. நல்ல மூடியோடு கேன் இருக்கிற வீட்டை வசதியான வீடு என்போம். நான் மருந்தடிக்கும் கேங்கில் வேலை செய்தவன். அந்த மருந்து புல்லை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேனைப் பற்றி நானும் யோசித்ததில்லை. யாரும் சொல்லவுமில்லை.

4. கேன் மட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சித்திரை கழிந்து ஒரு மழைக்காலை. பஸ்ஸுக்காக வண்டியோரம் நின்றிருந்தேன். இப்போதெல்லாம் என் கண்ணில் படும் எழுத்தை விட முடிவதில்லை. பஸ் பலகை, சவர்க்காரத் தாள், பாதி கிழிந்த தேர்தல் சுவரொட்டி என்று எதையும் வாசிப்பேன். கேனைத் திருப்பினேன். மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம், அடியில் பொடி எழுத்தில் தமிழ். மழைச்சாரலைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே வாசித்தேன்: 'வெற்றுக் கொள்கலனில் உணவோ குடிநீரோ வைக்க வேண்டாம். துளையிட்டு அழிக்கவும்.'

பஸ்ஸுக்கு நின்ற திலக்ஷன் என்ற இளைஞன், வாயில் வடையோடு, "தாத்தா, நான் இத முழுங்கின பொறவு படிச்சிருக்கலாம்ல" என்றான். பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா மாமா, நாலு எழுத்து படிச்சதும் எங் கடையிலதான் கைய வைக்கணுமா? ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அந்தக் கேனைத் தூக்கி, தண்ணீர் முழுவதையும் ரோட்டில் ஊற்றினார். பிசைந்து வைத்திருந்த மாவையும் கொட்டினார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் இல்லை. மறுநாளிலிருந்து அலுமினியக் குடத்தில் தண்ணீர் கொண்டு வருகிறார். முழங்கால் வீங்கியவர் இடுப்பில் குடத்தோடு ஏற்றம் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் பணிமனை சொல்வதற்கு முன்பே, யாரும் மிரட்டாமலே, திருந்திய கடை அது.

5. அதன் பிறகுதான் நான் தங்கள் பணிமனைக்கு வந்து, இஸ்டோரில் கேன் விற்பதை நிறுத்தச் சொல்லி வாயால் முறையிட்டேன். பரிசோதகர் ஆட்களோடும் லொறியோடும் வந்தார். இஸ்டோருக்குப் போகவில்லை. சந்தியில் இறங்கினார். பேச்சியம்மா பழைய கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொல்லிக் கேனைப் படம் பிடித்தார்கள். குடத்தைப் படம் பிடிக்கவில்லை. "சேர், அது குந்துறதுக்கு வச்சிருக்கேன், தண்ணி இந்தா குடத்துல இருக்கு, பாருங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சூடாக இருந்த தோசைக்கல்லோடு வண்டியை லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

6. இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. லொறியில் வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பரிசோதகர் எதிரே இருக்கும் பெரிய சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடித்தார். அந்தக் கடையின் பின்கட்டில் அதே வெள்ளைக் கேன்கள் வரிசையாக நிற்கின்றன. அவர் குடித்த தேத்தண்ணிக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் எடுத்தார்கள். கூரை போட்ட கடை என்பதால் கேனில் இருந்த விஷம் போய்விடுமா என்று எனக்குத் தெரியவில்லை. பரிசோதகர் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். இதை நான் அங்கேயே கேட்டபோதுதான் எழுத்தில் கொடுக்கச் சொன்னார்.

7. தெருக்கடைக்குச் சுத்தம் தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. பேச்சியம்மாவின் வடையில் லொறிப் புழுதி விழுந்ததுண்டு. காசு வாங்கிய கையால் சம்பல் வைத்ததுண்டு. கை துடைக்கும் துணி என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். கண்ணாடிப் பெட்டி வை என்றால் வைப்பார். கையுறை போடு என்றால் முணுமுணுத்துக்கொண்டே போடுவார். ஆனால் சந்திக்கு ஒரு குழாய் தராமல், சுத்தமாக இரு என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லித் தராமல், ஒரு நாள் லொறியோடு வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைத்தால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விஷக் கேனை விற்றவர் கதிரையில் இருக்கிறார். தெரியாமல் வாங்கியவர் தெருவில் நிற்கிறார். இதில் எங்கே நோய், எங்கே மருந்து என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

8. போன சம்பள நாளன்றும் இஸ்டோரில் கேன் விற்றார்கள். வாங்கியவர்களில் எங்கள் கோயில் கமிட்டியும் ஒன்று. ஆடிப்பூசை அன்னதானத்துக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கவாம். அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். "பெரியவரே, இத்தன வருசமா குடிச்சு நீங்களே நல்லாத்தானே இருக்கீங்க" என்றார்கள். என் இருமலை அவர்கள் கேட்டதில்லை போலும். என் வாசிப்புக்கு அஞ்சாதவர்கள் தங்கள் உத்தரவுக்கு அஞ்சுவார்கள். ஆகவே தாமதிக்க நேரமில்லை.

9. நான் கேட்பவை இவைதான். பேச்சியம்மாவின் வண்டியைத் தோசைக்கல்லோடு திருப்பித் தர வேண்டும். காலிக் கேன்களை இஸ்டோரிலேயே துளையிட்டு அழிக்க உத்தரவிட வேண்டும். சந்திக்குக் குழாய் வர வேண்டும். பரிசோதகர் அடுத்த முறை வரும்போது பெரிய கடையின் பின்கட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

10. கடைசியாக ஒன்றை அறியத் தருகிறேன். வண்டி வரும்வரை பேச்சியம்மா பட்டினி கிடக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் என் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் அடுப்பு வைத்து ரொட்டி சுடுவார். "உங்களுக்கும் வழக்கு வரும் மாமா, பேசாம இருங்க" என்று அவர் தடுத்தார். நான் கேட்கவில்லை. தண்ணீர் கொதிக்க வைத்ததாக இருக்கும், சம்பல் மூடியிருக்கும், துணி வெள்ளையாக இருக்கும். தாங்கள் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி வந்து சோதிக்கலாம், சாப்பிடவும் செய்யலாம். இது குற்றமானால் அழைப்பாணையை அவர் பெயருக்கு அனுப்பாமல் என் பெயருக்கு அனுப்பவும். தோட்டத்து ஆபீஸ் வழியாக வேண்டாம். தமிழில் எழுதி நேரே ஆறாம் நம்பர் லயத்துக்கு அனுப்பினால், லயத்தில் உள்ள அனைவரையும் கூட்டி வைத்து நானே வாசிப்பேன்.

பயமின்றியும் மரியாதையுடனும்,

பெ. மாயாண்டி
(ஒப்பம்)

இடம்: கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
திகதி: 24.06.2025

இணைப்பு: வெள்ளைக் கேன் ஒன்று. தமிழ் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி கட்டியுள்ளேன்.