மாத்திரைக்குப் பின் தண்ணீர்

மார்ச் 4
அக்கா பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். பத்து நாள். அவள் பூனை பொடி என் தலையில். பொடிக்குச் சளி, கண்ணில் பீளை. ஆன்டிபயாட்டிக் காலை ஒன்று, மாலை ஒன்று. சரியானது போலத் தெரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாதாம். விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர், வாயோரமாக மெல்ல விட வேண்டுமாம். செருப்பு மாட்டிக்கொண்டே மூன்றாவது தடவையாகச் சொன்னாள்: "தண்ணிய மறந்துடாதடா." லிப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஐந்து மில்லி அளக்கத் தெரியாதா? ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். மாத்திரைக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம்.

மார்ச் 5
மாத்திரை போட இருபது நொடி. தண்ணீருக்குப் பத்து நிமிடம், அதிலும் பாதி என் சட்டையில். கையில் நாலு கீறல்.

மார்ச் 6
தண்ணீரை விட்டுவிட்டேன். மாத்திரை இறங்கியதைக் கண்ணால் பார்த்தேனே, அப்புறம் எதற்கு அபிஷேகம்? அக்கா தினமும் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கட்டம் காலியாக இருந்தால் போனிலேயே பிரசங்கம். டிக் போட்டு அனுப்பினேன். "என் தங்கம்" என்று பதில். எனக்கா பூனைக்கா, தெரியவில்லை.

மார்ச் 9
பொடிக்குத் தும்மல் நின்றுவிட்டது. வேலையிடத்தில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பிரேக்கைச் சோதிக்காமலே தாளில் டிக் போட்டிருந்தார். எல்லார் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஜனங்க ஏறி இறங்குற லிப்ட்ணே இது. டிக் போட்டா பிரேக் பிடிச்சுடுமா?" தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 12
பொடி சாப்பிட மாட்டேன் என்கிறது. விழுங்குகிறது, அப்படியே கக்குகிறது.

மார்ச் 14
அக்கா வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, நேரே டாக்டரிடம். "மாத்திரைக்கு அப்புறம் தண்ணி குடுத்தீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனில் அட்டவணைப் படங்களை நீட்டினாள். "பாருங்க டாக்டர், ஒரு வேளைகூட விடல."

"இவ்ளோ ஒழுங்கா யாரும் எழுதி வைக்க மாட்டாங்க," என்றார் டாக்டரம்மா.

அப்படியானால் மாத்திரை காரணமில்லையாம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. நூல் எதையாவது விழுங்கியிருக்கும், நாளைக்கு வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார்.

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15
எட்டு மணிக்கு டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீரே கொடுக்கவில்லை, டிக்கெல்லாம் பொய். டாக்டர் சொன்னார்: "நேத்தே சொல்லியிருந்தா வயித்த அறுக்குற பேச்சே வந்திருக்காது தம்பி."

அந்த மாத்திரை பாதி வழியில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயை அரித்துவிடுமாம். புண் ஆற ஆற வழி சுருங்குமாம். மயக்கம் கொடுத்துக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

போன் பேசும்போது அக்கா பின்னால்தான் நின்றிருக்கிறாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: "நேத்து ஏன்டா சும்மா நின்ன?"

ஏன் நின்னேன்? வெட்கமா இருந்துச்சு. வேற என்ன. பூனை வயித்த அறுத்தாலும் பரவால்லன்னு நின்னிருக்கேன் — ஐயாவுக்கு வெட்கமாம்.

ஏப்ரல் 2
மூன்றாவது பலூன் முடிந்தது. கூழாக அரைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. கட்டியாக எதுவும் இனி ஆகாது. புண்ணுக்கான சிரப்பை அக்காதான் கொடுக்கிறாள். கை நீட்டினேன். "நான் பாத்துக்கறேன், நீ போ." குரலில் கோபம்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 20
அக்காவுக்கு மறுபடி ஒரு வாரம் வெளியூர் வேலை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூட்டிவந்து, சிரப் எவ்வளவு, கூழ் எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி வீட்டுலதானம்மா இருக்கு?" என்றார் அவர்.

"இருப்பான்," என்றாள் அக்கா. "நீங்க பெல் அடிச்சா கதவத் திறப்பான்."