அறுபது கிராம் களி

அண்ணி,

இன்று காலை எலக்ட்ரானிக் தராசைக் கவிழ்த்துப் பழைய செல்களை எடுத்தேன். ஒன்று கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் செய்த வேலையை அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடி வருடம் ஒன்றாகப் போகிறது.

இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக நீங்கள் உண்டாகியிருந்த சமயம் அது. "சர்க்கரை ஏறுனா இதுவும் தங்காது" என்று சொல்லி, தருமபுரி டாக்டரம்மா என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார். எல்லாம் கிராமில் இருந்தது. நம் வீட்டிலோ ஆழாக்கும் கைப்பிடியும்தான் அளவு. வீட்டில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்தி என்பதால் தாள் என் கைக்கு வந்தது.

தராசு வாங்க பெங்களூருக்கு ரயிலேறினோம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். நான் வாய் திறக்காமல் நின்றேன். நீங்கள்தான் உங்கள் தாய்வீட்டுக் கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அவருக்குத் தமிழும் தெரிந்திருந்தது.

"எதுக்கும்மா, தங்கம் நிறுக்கவா?"

"களி நிறுக்கங்க."

"களியா! அத யாராச்சும் நிறுத்துத் தின்னுவாங்களா?"

"நாங்க திம்போங்க. நீங்க அந்தச் செவப்பத் தள்ளி வெய்ங்க, அது பத்துக் கிலோ மூட்டைக்குத்தான் ஆவும்."

கண்ணாடித் தட்டு வைத்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. காதில் ரகசியமாகச் சொன்னேன். நீங்கள் அதைத் திருப்பி, செல் போடும் இடத்தைப் பார்த்தீர்கள். "சட்டப் பித்தானாட்டம் இருக்குது கண்ணு. இது பொம்மிடில எங்க கெடைக்கும்? ரேடியோவுக்குப் போடறதுன்னா பொட்டிக்கடைலயே வாங்கிக்கலாம்."

அடுத்து நீங்கள் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பையிலிருந்து பிரிக்காத டீத்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்தீர்கள். தராசின் நடுவில் வைத்தீர்கள், பிறகு நான்கு மூலையிலும் வைத்தீர்கள். கண்ணாடித் தராசு மூலைக்கு ஓர் எண் சொன்னது. ஓரத்தில் கிடந்த வெள்ளைத் தராசு எங்கே வைத்தாலும் ஒரே எண்ணில் நின்றது. கடைக்காரரின் சிரிப்பு அடங்கிப்போனது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உங்கள் சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் வைத்து அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். எண் மறைந்து பூஜ்யச் சுழி வந்தது.

"தட்டு இருக்குது கண்ணு, ஆனா தராசுக்கு இல்ல!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நாம் இருவரும் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டில் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. வாங்கி வந்த வெள்ளைத் தராசு அதில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்து, "வூட்லயே நகைக்கடை வெச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நிறுத்துப் பார்த்துக்கொண்டு போனாள்.

தாளில் 'ராகி 60 கிராம்' என்று இருந்தது. நான் வெந்த களியை நிறுத்தேன். அறுபது கிராம் களி எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய், இவ்வளவு படித்துவிட்டு இதைக் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. நீங்கள் அதை நான்காகப் பிட்டு, ஒவ்வொன்றையும் கீரையில் தொட்டு, நெடுநேரம் சாப்பிட்டீர்கள்.

ஐந்தாம் நாள் குழாயடியில் கண் இருட்டிச் சாய்ந்தீர்கள். கூட நின்ற பக்கத்து வீட்டு அக்கா தாங்கிக்கொண்டதால் வயிறு தரையில் படவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் தருமபுரிக்கு ஓடினேன். தாளை நீட்டியதும் நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வேக வெக்கறதுக்கு முந்தி மாவுதாம்மா அறுபது! களி ஆனா மூணு பங்கு வரும். வயித்துப்புள்ளக்காரிய இப்படியா பட்டினி போடுவ?"

திரும்பி வந்து அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். "பசிக்கிதுன்னு சொல்லக்கூடாதாங்க அண்ணி?" என்று கேட்டதற்கு, "காயிதத்துல இருக்கறத நீ படிச்சுச் சொன்ன. எம் பசிய நம்பித்தான் ரெண்டு தடவ தோத்தேன். இந்தத் தடவ ஒன்ன நம்பலாம்னு இருந்தேன்" என்றீர்கள்.

அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை ஒரு வேளை தவறாமல் மாவை நிறுத்தோம். கடையில் ஒரு தராசை நான்கு மூலையிலும் பொட்டலம் வைத்துச் சோதித்தவர் நீங்கள். என்னை ஒரு மூலையில்கூடச் சோதிக்கவில்லை. அவ்வளவு பெரிய நம்பிக்கையை எந்த அளவில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் உங்கள் மகளைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனேன். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் மருந்து எத்தனை ஸ்பூன் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னது எனக்குப் புரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. "எந்த ஸ்பூனுங்க? பெருசா, சின்னதா?" என்று கேட்டேன். பின்னால் ஒருத்தி, "படிச்சவளாட்டம் இருக்கா, இதுகூடத் தெரியல பாரு" என்றாள். காது சுட்டது. இருந்தாலும், அவர் ஸ்பூனை எடுத்துக் காட்டும்வரை நான் நகரவில்லை, அண்ணி.