கொட்டகையில் பாடிய ரேடியோ

மூன்று நாளாகப் பேசாத புருஷன் திருமலைச்சாமி இன்னும் கம்பளிக்குள் கிடந்தார். பூண்டுக் கொட்டகைக்குக் கிளம்புமுன் அன்னக்கொடி, ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"கஞ்சி அடுப்பு மேல இருக்கு. சாவி மாடத்துல கெடக்கு. ரேடியோவை மறுபடி பெருமாள்மலைக்கு ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. நீங்க திட்டுற மாதிரி நான் தொடச்சதுல அது கெட்டுப்போகல. போன வாரம் நீங்க கொட்டகைக்கு இழுத்து, ரேடியோ பின்னாடி சொருகின ஒயரு இருந்தா வீட்டுல சத்தம் வராது, கொட்டகையில மாட்டுன ஸ்பீக்கர்லதான் வரும். ரெண்டு எடத்துலயும் பாடும்னு நெனச்சிட்டீங்க போல. கடைக்கு ஒயரைக் கழட்டிட்டுக் கொண்டுபோறீங்க, அதான் அங்க பாடுது.

நீங்க இங்க திருகித் திருகி என்னைத் திட்டுன நேரமெல்லாம் கொட்டகையில மூடுபனிக்குள்ள பாட்டுக் கேட்டுச்சு. மலைக்கு அந்தப் பக்கமிருந்து காத்துல வருதுன்னு கெறங்கிப்போய் உக்காந்திருந்தேன். நேத்துதான் பூண்டுக் கட்டுக்குப் பின்னால ஸ்பீக்கரைப் பாத்தேன். எனக்காக மாட்டுனதை ஏன் சொல்லல?"

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"சேதி கேக்கணும்னா ஒயரை உருவிக்கோங்க. கோவம் தீர்ந்துட்டா திரும்பச் சொருகிருங்க. எனக்கு அங்க கேக்கும்."