பின்வரிசைத் தாய்ச்செடிகளைக் காப்பாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மறைந்த நர்சரி உரிமையாளரின் மகள்,
நர்சரி பின்வீடு,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
சமரச அலுவலர் அவர்கள்,
குடும்பச் சொத்துத் தகராறுப் பிரிவு,
சமரச மையம்.

பொருள்: தந்தையின் செடி நர்சரி – இடைக்கால உத்தரவுக்குப் பின் தாய்ச்செடிகள் தோண்டி விற்கப்படுவது – உடனே தடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு வேலை அதிகம் என்று தெரிந்தும் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சென்ற விசாரணையில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னைப் பார்த்து இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தங்கள் எழுத்தர் என் அம்மாவிடம் விசாரித்ததாகப் பிறகு அறிந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, எழுத வரும். வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்தி என்பதால் மின்சார அலுவலகம், வங்கி என்று எங்கள் வீட்டு மனுக்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். சொந்த அண்ணனைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை.

1. தந்தை சென்ற மழைக்காலத்தில் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரே வாரிசுகள். அண்ணன் நிலத்தைப் பிரித்துத் தம் பங்கை விற்க விரும்புகிறார். நர்சரி தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பமும் என் விருப்பமும். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. பாகம் முடிவாகும் வரை அண்ணனே நர்சரியை நடத்தலாம், வழக்கமான செடி விற்பனையைத் தொடரலாம், நிலம், கிணறு, மோட்டார், கொட்டகை ஆகியவற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று தாங்கள் உத்தரவிட்டீர்கள்.

2. எங்கள் நர்சரியில் முன்பக்கம், நிழல்வலைக்குக் கீழே, பாலித்தீன் பைகளில் இருப்பவை விற்பனைச் செடிகள். பின்பக்கம், கிணற்றை ஒட்டித் தரையில் ஊன்றி நிற்பவை தாய்ச்செடிகள். எலுமிச்சை ஒரு வரிசை, கொய்யா ஒரு வரிசை, வேலியோரம் சில மாதுளை. தாய்ச்செடியின் கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தென்னை நார்த்தூளை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினால் அந்த இடத்தில் வேர் விடும். இதற்குப் பதியம் என்று பெயர். வேர் விட்டதும் வெட்டிப் பையில் வைப்போம். முன்பக்கம் விற்கும் பழச்செடிகள் அத்தனையும் இப்படி வந்தவைதான். தாய்ச்செடியை எந்த நர்சரிக்காரரும் விற்க மாட்டார், கேட்டால் விலைகூடச் சொல்ல மாட்டார். ரொட்டி விற்கலாம் என்று அனுமதி கொடுத்தால் அடுப்பையும் விற்கலாம் என்று ஆகாது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும் என்பதாலேயே விசாரணையில் யாரும் இதைத் தங்களிடம் சொல்லவில்லை.

3. நான் ஓடு விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன்னும் விடுமுறை நாளிலும் பதியம் கட்டுவேன். சென்ற வாரம் மாலை திரும்பியபோது எலுமிச்சை வரிசையின் கடைசியில் ரோஜாப் பைகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே மதியம் முழுவதும் வெயில் அடிக்கும். சின்னப் பைகளை அங்கே யாரும் வைக்க மாட்டார்கள். நகர்த்திப் பார்த்தேன். கீழே புதிதாக மூடிய குழிகள் இருந்தன. நான்கு எலுமிச்சைத் தாய்ச்செடிகளைக் காணவில்லை. நெடுஞ்சாலையில் புதிதாகத் திறக்கவிருக்கும் ஓட்டலின் வாசலில், பெரிய தொட்டிகளில், காயோடு அவை நிற்பதை மறுநாள் பேருந்திலிருந்து பார்த்தேன். அவற்றில் ஒன்றில் இலை சுருண்டிருந்தது.

4. அம்மா கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “செடி விக்கலாம்னு ஆர்டர்லயே இருக்கும்மா. நான் செடியத்தானே வித்தேன்? கிணத்தையா வித்தேன்?” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “வேணும்னா நம்ம வீட்டுப் பட்டதாரியப் படிச்சுக் காட்டச் சொல்லு” என்றார். நான் உத்தரவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தாய்ச்செடி பற்றி அதில் ஒன்றும் இல்லைதான்.

விற்ற பணத்தைப் பற்றி இம்மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. அதை அம்மாவிடம் கொடுத்தாரா, தாமே வைத்துக்கொண்டாரா என்று தாங்கள் விசாரித்தால் போதும். திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. ஆனால் மறைக்க வேண்டாத காரியத்தின்மேல் ரோஜாப் பைகளை அடுக்கத் தேவையில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. அவசரத்துக்குக் காரணம் கொய்யா வரிசை. ஓட்டல்காரர் அதையும் கேட்கிறார். திறப்பு விழாவுக்குள் தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் மூன்று செடிகளைச் சுற்றி வேரை அறுத்து ஏற்கெனவே பள்ளம் வெட்டியாகிவிட்டது. அந்தக் கிளைகளில் நான் கட்டிய பதியங்கள் இன்னும் வேர் விடவில்லை. இப்போது தோண்டினால் தாயும் போகும், பதியமும் போகும். கொய்யா போய்விட்டால் அடுத்த பருவத்துக்கு முன்பக்கம் வைக்கப் போதிய பழச்செடி இருக்காது. வெறும் ரோஜாவை நம்பி நர்சரி ஒரு வருடம் தாங்காது. அதன்பின் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை என்று அண்ணன் சொன்னால், அது உண்மையாகவே இருக்கும்.

6. அண்ணன் தரப்பையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த அன்று இருந்த செடிகள் மட்டுமே அப்பாவுடையவை, அதன்பின் வளர்ந்தவை தம் உழைப்பு என்று அவர் தங்களிடம் வாதாடினார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. சென்ற மாதம் மோட்டார் பழுதானபோது பூவாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். புதிய பைச்செடிகளில் அவருக்குக் கூடுதல் பங்கு கொடுத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். தாய்ச்செடிகள் அப்பா நட்டவை. அவற்றில் மூவருக்கும் பங்கு உண்டு.

ஆகவே,

கொய்யா வரிசையைத் தோண்டுவதை இந்த வாரமே நிறுத்தவும், தரையில் ஊன்றிய தாய்ச்செடிகளையும் கிணறு, மோட்டாரைப் போலவே கை வைக்கக் கூடாதவையாக உத்தரவில் சேர்க்கவும் வேண்டுகிறேன். தாங்களோ தங்கள் ஊழியரோ நேரில் வந்தால் அடையாளம் காண்பது சுலபம். கிளைகளில் வெட்டிய தழும்பு வரிசையாக இருக்கும்.

விற்ற நான்கு எலுமிச்சைகளைத் திருப்பிக் கேட்க வேண்டாம். இன்னொரு முறை தோண்டினால் பிழைக்காது. அவற்றில் பதியம் கட்டிக்கொள்ள ஓட்டல்காரர் என்னை அனுமதித்தால் போதும்.

பின்பக்கத்தின் பொறுப்பையும் கொட்டகைச் சாவியையும் என்னிடம் ஒப்படைக்கவும் கோருகிறேன். நான் கட்டும் பதியத்தில் பாதி பிடிக்காது என்று அண்ணன் சொல்லக்கூடும். முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போது பெரும்பாலும் பிடிக்கிறது.

தங்கள் முடிவை எதிர்பார்த்து, பணிவுடன்,

இடம்: நர்சரி பின்வீடு
நாள்: மார்ச் 9

(ஒப்பம்)
மனுதாரர், மகள்

தனித் தாள்

ஐயா,

மனுவின் நகலை எதிர்த்தரப்புக்கும் கொடுப்பீர்கள் என்று எழுத்தர் சொன்னார். அதனால் இதைத் தனித் தாளில் எழுதி குண்டூசியால் குத்தியிருக்கிறேன், எளிதில் பிரித்தெடுக்கலாம், பசை போட்டு ஒட்டவில்லை. இது முறையா என்று தெரியவில்லை.

ஓட்டல்காரர் அண்ணனைத் தோட்ட மேற்பார்வைக்கு அழைத்திருக்கிறார். பின்பக்கம் என் பொறுப்புக்கு வந்தால் அந்தக் கோபத்தில் அண்ணன் அங்கே போய்விடுவார். அவர் போனால் எங்கள் செடியை வாங்க ஆள் வராது. வாடிக்கையாளர்கள் அவரைத் ‘தள்ளுபடி’ என்றே கூப்பிடுகிறார்கள். அவரோடு பேரம் பேசவே சிலர் வருவார்கள். ஒருமுறை நான் கடையில் இருந்தபோது ஓர் அம்மா ரோஜா ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் பூச்சி இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அண்ணன் அதற்கு மருந்தடித்துவிட்டு, “பூச்சிக்கே புடிச்ச செடி இது அக்கா, நீங்க போய் யோசிக்கிறீங்களே” என்று அதே அம்மாவிடம் விற்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் வாங்கினார். எனக்குச் செடி வளர்க்க வரும், விற்க வராது.

இருக்கச் சொல்லி நானே அவரைக் கேட்கலாம். ஆனால் விசாரணைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, “மோட்டார் சாவி எங்கன்னு அவகிட்ட கேளும்மா” என்று அம்மா வழியாகவே நடக்கிறது. நான் கூப்பிட்டால் வர மாட்டார். அம்மா கூப்பிட்டால் அழ வைத்துவிட்டுப் போவார். உத்தரவு என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது காலையில் கடையைத் திறப்பார்.

ஆகையால், விற்பனைப் பொறுப்பில் அண்ணனே தொடர வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது தாங்களாகவே யோசித்து எழுதியதாக இருக்கட்டும். விசாரணையில் அந்த வரியைப் படிக்கும்போது, எனக்குச் சம்மதமா என்று மட்டும் கேளுங்கள். இந்த முறை வாய் திறந்து சொல்வேன்.

(ஒப்பம்)