பதினேழா, எழுபத்தொன்றா

அம்மா, ஆசி கொடுங்கள். முழங்கை வலி குறைந்ததா? நான் நலம். ஃப்ளோரிடா வெயில் நம் சான் பெத்ரோ வெயிலைவிட லேசுதான்.

பேஸ்பால் சீசனுக்கு இன்னும் மூன்று வாரம். அணியில் பாதி முகம் புதுசு. எங்கள் மூத்த கேட்சர் வேறு அணிக்குப் போய்விட்டார்; மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் அந்த இடத்துக்குத்தான் நானும் முயல்கிறேன். எனக்குப் பதினேழாம் எண் சட்டை கிடைத்ததும் நம் ஊர் அன்செல்மோ கத்தினான்: "டேய், சின்ன நம்பர்டா! பெரிய நம்பர்காரனைத்தான் கீழ் டீமுக்குத் தள்ளுவாங்க. நீ தப்பிச்சே!" அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

மறுநாள்தான் தெரிந்தது, சட்டை மாறிப்போயிருக்கிறது. எனக்கு எழுபத்தொன்று. பதினேழு, புதிதாக வந்த கேட்சர் கெஸ்லருக்கு. வயது முப்பத்தாறு. சட்டையை வாங்கிக்கொண்டு அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது ஆகஸ்ட் வரைக்கும் தாங்காது தம்பி. என் இடத்துக்கு ரெடியா இரு." நானும் சிரித்துவிட்டேன். வருத்தமெல்லாம் இல்லை.

தேங்காய் மிட்டாய் அனுப்புங்கள். ரேடியோவில் ஆட்டம் கேட்கும்போது நடுவரைத் திட்டுவீர்களே, அதைத் தங்கையிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் சட்டையில் பதினேழு என்று தைத்துவிட்டீர்களாமே. பிரிக்காதீர்கள் அம்மா. ஆகஸ்ட் வரை அப்படியே இருக்கட்டும்.

உங்கள் யாரியல்