கடல் வடக்கே இருக்கும் ஊர்

நவம்பர் 3, திங்கள். மஸ்கட். நல்ல வெயில், ஆனால் உடம்பில் ஒட்டாத வெயில்.

எழுதித் தொலைத்துவிடுகிறேன். பிறகு நடக்காத மாதிரி இருந்துகொள்ளலாம். இன்று ஒரு பெரிய கடையில், ஓடும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை. உட்கார்ந்தேன். கால் வைத்தேன், அது நகர்ந்தது. ஐம்பத்து மூன்று வயது, எண்பத்தொரு கிலோ, வேறு வழி தெரியவில்லை. சேலையை மடியில் சுருட்டிக்கொண்டு, கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சப்பரத்தில் வைத்த சாமான் மாதிரி மேலே போய்ச் சேர்ந்தேன். எதிர்ப் படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரொம்ப மரியாதையாய் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஜோயல் (நாலு வயது) அதுதான் முறை என்று நினைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆஷ்லின் (எட்டு) மட்டும் நின்றாள். ஒரு கையால் அவனைத் தூக்கி நிறுத்தினாள், மறுகையால் என்னை. மேலே வந்ததும் என் சேலையில் தூசி தட்டினாள். "மஞ்சக் கோட்டுக்கு உள்ள கால வைக்கணும்னு அம்மா சொல்லும், பெரியம்மா."

அவள் அம்மா என் தங்கை ஷீபா. போய் நாலு மாதம்.

வந்த காரியம்: பிள்ளைகளை எங்கள் ஊரான புதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவது. ராஜன் (ஷீபாவின் வீட்டுக்காரர்) இன்னும் பிடி கொடுக்கவில்லை. "பாப்போம் அக்கா" என்கிறார். பதினெட்டாம் தேதி எனக்குத் திரும்பும் விமானம். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

ஷீபா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது வரக் கொடுத்துவைக்கவில்லை. பாஸ்போர்ட் சதி செய்துவிட்டது. அவள்தான் பெட்டியில் என்னிடம் வந்தாள். பிள்ளைகளையாவது நான் பார்க்க வேண்டாமா?

நவ. 4, செவ்வாய்.

மீன் குழம்பு. ஜோயல் தொடவில்லை. "அம்மா இதுல மாங்கா போடும்." நாளை மாங்காய்.

என் பாதுகாப்பு ஏற்பாடுகள்:
1. இரண்டு பேர் கையிலும் ராஜனின் நம்பர், பால்பாயிண்டில். (ஜோயல் நக்கி அழித்துவிட்டான்.)
2. விசில், என் கழுத்தில்.
3. இரண்டு பேருக்கும் சிவப்புச் சட்டை.
4. ஷீபாவின் சுடிதார் ஷாலால் இரண்டு பேரையும் என் இடுப்போடு கட்டுவது.

நாலாவது, லிப்ட் வரைதான் ஓடியது. நானும் ஜோயலும் உள்ளே, ஆஷ்லின் வெளியே, நடுவில் ஷால், கதவு சாத்த வருகிறது. அவளே சட்டென்று பொத்தானை அமுக்கினாள். முடிச்சை அவிழ்த்து, ஷாலை மடித்து, என் கைப்பையில் வைத்தாள். ஷாலை மடிக்கும்போது ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

பக்கத்து வீட்டு லீலாவின் வாட்ஸப்: "துபாய் எப்பிடி இருக்கு?"
"இது மஸ்கட்."
"எல்லாம் ஒண்ணுதானே. பிள்ளைகளைக் கொண்டு வருவியா இல்லியா? இஞ்ச எல்லாரும் கேக்காவ."
கேட்பார்கள். நான் பிள்ளைகளோடு வந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு, வெறுங்கையோடு வந்தால் ஒரு மாதத்துக்கு.

நவ. 5, புதன்.

வழி படித்தேன். கடற்கரைச் சாலையிலிருந்து கிழக்கே நடந்தால் பெட்ரோல் பங்க், அதன் பின்னால் நம்முடைய கட்டடம். ராஜன் சொன்னது. அவரும் புதுக்கடைக்காரர்தானே, இடது வலது என்று பேசமாட்டார். எங்கள் பக்கம் சோற்றுத் தட்டைக்கூடத் "தெக்க தள்ளி வையி" என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வலது கைப்பக்கம் கிழக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே இந்த ஊரும் எனக்கு அத்துப்படி.

நவ. 7, வெள்ளி.

இங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. கர்த்தர் கோபிக்கமாட்டாராம். முடிந்ததும் சாயா, வடை. நம் பக்கத்துப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஷீபாக்க அக்காவா? அவ கிடக்கும்போ ஒரு எட்டு வந்திருக்கலாமே."

பாஸ்போர்ட் கதையை எடுத்துவிட்டேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என் வீட்டுப் பலாமரத்தைத்தான் விசாரித்தார், ஒரு சக்கைப் பழத்தோடு போனார், திரும்பி வரவேயில்லை. பாஸ்போர்ட் வந்து சேரும்போது ஷீபா மண்ணுக்குள் போய்விட்டாள். மரத்தை விசாரித்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மண்ணுக்குள் என்ற இடத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஒரே கதையில் இரண்டும். சபைப் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிடுவது சும்மாவா?

ராஜன் தள்ளி நின்று சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார். எப்போதோ ஆறிப்போன சாயா.

நவ. 9, ஞாயிறு. காற்று.

இங்கே ஞாயிறன்றும் பள்ளிக்கூடம் உண்டு. ஜோயலை விட்டுவிட்டு வரும்போது ஆஷ்லினின் பஸ்சுக்குக் காத்து நின்றோம். ஷீபா சொல்லிக்கொடுத்த சட்டங்களைக் கேட்டேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். அப்படியே எழுதுகிறேன்:

பச்ச மனுசன் வந்தாலும் உடனே போவண்டாம். மூணு எண்ணணும்.
நிக்கிய ரெண்டு காருக்கு நடுவுல நுழையண்டாம்.
லிப்ட்ல பெரியவங்க முதல்ல.
டாக்சில ஜோயல் சன்னல் பக்கம் வேண்டாம். (எட்டி உமிழ்வான்.)
தொலைஞ்சு போனா தேடண்டாம். நின்ன எடத்துலயே நிக்கணும். அம்மா வருவேன்.

கடைசியைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. பஸ் வந்தது. ஏறிப் போனாள். நான் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஷீபா ஆறாம் வகுப்பில் புதுக்கடைச் சந்தையில் தொலைந்தவள். தேடிப் போன என்னை மீன்காரிகள் பக்கமிருந்து அவள்தான் கண்டுபிடித்தாள். அப்போதும் அழுதது நான்.

நவ. 10, திங்கள்.

மாங்காய் போட்டேன். "அம்மாக்க மாங்கா வேற." சரி.

ஆஷ்லினிடம் மெதுவாக ஊர்ப் பேச்சைப் போட்டுப் பார்த்தேன். ஊரில் தென்னந்தோப்பு, கோழி, லீலா வீட்டு ஆட்டுக்குட்டி. எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு: "புதுக்கடைல ரோட்ட எங்க கடக்கணும்?"
"எங்க வேணும்னாலும் கடக்கலாம் மக்கா. கைய நீட்டுனா வண்டி நிக்கும்."
"அம்மா அத சொல்லித் தரல்லியே."

நவ. 12, புதன்.

இன்று எழுத்து கோழி கிளறின மாதிரி.

சாயங்காலம் கடற்கரை. திரும்பும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டான். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன், வலது கைப்பக்கம் திரும்பினேன். ஆஷ்லின்: "பெரியம்மா, வீடு அந்தப் பக்கம்."
"ஏட்டி, எனக்குத் திசை சொல்லித் தாறியா? நான் பிறந்ததே கடக்கரைக்குப் பக்கத்துல."
வாயை மூடிக்கொண்டாள். அவளை வாயை மூட வைத்தேன் என்பதுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது.

நடந்தோம். பெட்ரோல் பங்க் வரவில்லை. ஜோயல் என் தோளில் தூங்கிவிட்டான், தூங்கினால் ஒரு மூட்டைச் சிமெண்ட். ஒரு மணி நேரம். கடைகள் முடிந்தன. நடைபாதை முடிந்தது. ஆறு வண்டி ஒரே சமயத்தில் போகும் சாலை. எதிர்ப்பக்கம் விளக்கு தெரிந்தது, கடந்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. புதுக்கடை முக்கில் செய்வதுபோலக் கையை நீட்டினேன். இறங்கினேன்.

ஆஷ்லின் என் சேலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு கார் அலறிக்கொண்டு முன்னால் போயிற்று. காற்று முகத்தில் அறைந்தது.

"அம்மா இப்பிடிக் கடக்காது! அம்மா இப்பிடிக் கடக்கவே கடக்காது!"

அழுதாள். ஷீபா போன அன்றும் இவள் அழவில்லை என்று ராஜன் சொல்லியிருந்தார். விமான நிலையத்திலும் இல்லை, கல்லறையிலும் இல்லை. இன்று சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். கூப்பிட்டேன், எழும்பவில்லை.
"தொலைஞ்சா நின்ன எடத்துல நிக்கணும்."
"செரி மக்கா. நிப்போம்."
"யாரு வருவா?"

ஜோயலை மடியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ராஜன் எடுத்தார். எங்கே நிற்கிறீர்கள் என்றார். "கடலுக்கு வடக்கே, ராஜன்."
"அக்கா, இஞ்ச கடலே வடக்கதான் இருக்கு. அதுக்கும் வடக்க ஈரான்."

தெருப் பெருக்கும் வங்காளத்துக்காரர் ஒருவர் என் போனை வாங்கி இந்தியில் இடம் சொன்னார். ராஜன் வரும்வரை துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுச் சாலைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார். பிள்ளைகளுக்குத் தன் பாட்டில் வெள்ளத்தைக் குடிக்கக் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ராஜன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவ. 13, வியாழன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம். ராஜன் வேலைக்குப் போகவில்லை. மேசையில் எதிரில் உட்கார்ந்தார். நான் வந்த அன்று கேட்டதற்கு இன்று பதில்.

"நீங்க கேட்டா விட்டுருவேன் அக்கா. அக்காகிட்ட விடணும்னுதான் அவளும் சொன்னா."

பத்து நாளாய் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். லீலாவுக்கு அனுப்ப வேண்டிய செய்தியைக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன்.

"வேண்டாம் ராஜன்," என்றேன். "அந்தப் பிள்ளைக்கு அவ அம்மைக்க வழி எல்லாம் இஞ்சதான் இருக்கு. அங்க வந்தா எனக்க பின்னால நடக்கணும். நேத்து பாத்தியல்லா?"

தலையை ஆட்டினார். பகல் வேலைக்கு மாறிக்கொள்கிறாராம். ஐந்து மணி வரை கீழ்வீட்டு மலையாளி டீச்சர் பார்த்துக்கொள்வார், அக்கா வரமுடியாவிட்டால் என்று ஷீபாவே பேசி வைத்ததாம். எல்லாம் பேசி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

எழுந்தவர் கதவருகில் நின்றார். "கடைசி வாரம்கூட கேட்டா. அக்காக்க பாஸ்போர்ட் வந்துதான்னு. இல்லன்னு சொன்னேன். அக்கா திசை தெரியாம வந்து முழிக்கும், நான் எழும்புனபிறகு வரட்டும்னா. சிரிச்சா."

வயிறு சரியில்லை என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நவ. 15, சனி.

எங்கும் போகவில்லை. ஜோயலுக்கு முடி வெட்டினேன், வடக்குப் பக்கம் கொஞ்சம் தூக்கல். சிரித்தான். லீலாவுக்கு: "தனியாத்தான் வாறேன்." இரண்டு நீல டிக், பதில் இல்லை. இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

நவ. 17, திங்கள்.

ஆஷ்லின் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வந்தாள். நான் பின்னால். சிக்னலில் பச்சை மனிதன். நானும் சேர்ந்து எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆஷ்லினுக்கு ஷீபாவின் எண்ணும் குரல் அப்படியே, "மூணு"வில் ஒரு இழுப்பு. எதிர்ப்பக்கம் ஏறும்வரை நிமிரவில்லை நான்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்து, "இனி ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நவ. 18, செவ்வாய். விமான நிலையம்.

கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வெயில். பெட்டியில் ஈத்தப்பழம், லீலாவுக்கு வலி மருந்து, ஷீபாவின் ஷால் (ஆஷ்லின் தந்தது. நான் கேட்கவில்லை).

ஓடும் படியில் நின்றே ஏறினேன். மஞ்சள் கோட்டுக்குள் கால். ஜோயல் கை தட்டினான்.

வரிசையில் நிற்கும்போது ஆஷ்லின் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினாள். புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். பெயர், ஊர். பிறகு, "இது ஜனவரில தந்ததா பெரியம்மா? அப்போ அம்மா வீட்டுலதானே இருந்துது. நடந்துட்டு இருந்துதே."

எனக்கு விமானம் என்றால் பேடி, அப்படியொரு பயம். ஓடும் படி பேடி. தொலைந்துவிடுவேன் என்று பேடி. வந்த பாஸ்போர்ட்டை அலமாரியில், பைபிளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ராஜனைப் பார்த்தேன். அவர் என் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அதைப் பெரியம்மா கைல குடு. நேரம் ஆவுது."

விசாவுக்காகத் தேதியுள்ள அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ராஜனுக்கு நானேதான் அனுப்பினேன். செப்டம்பரில்.