வெள்ளைத் துணி கட்டிய காலை

என் மகன் ஷௌகத்துக்கு, அம்மா குலாப் ஜான் சொல்லச் சொல்ல உன் தங்கை தஸ்லீமா எழுதுகிற கடிதம். உனக்கு எங்கள் ஸலாம். மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் தஸ்லீமாவும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலிலேயே எழுது என்றேன், ஏனென்றால் நாங்கள் உயிரோடு இருப்பது தெரியாமல்தான் இங்கே ஒரு உயிர் போய்விட்டது. வரிசையாகச் சொல்கிறேன். உன் அறையில் ஃபரீத் பக்கத்தில் இருந்தால் இதை மடித்துப் பையில் வைத்துக்கொள். அவன் வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து கடைசி வரை படி.

முதலில் வீட்டு விஷயம். மாட்டுக் கொட்டகையில் குண்டு விழுந்து கூரை உட்கார்ந்துவிட்டது. கறுப்புப் பசு போய்விட்டது, வயிறு கிழிந்து பொழுது சாய்கிற வரை கத்திக்கொண்டு கிடந்தது, வெளியே வந்து அதன் கழுத்தை அறுக்கக்கூட யாருக்கும் வழியில்லை. கன்று பிழைத்துவிட்டது, ஆட்டுப் பால் கொடுக்கிறோம், குடிக்கிறது. சோளம் கொல்லையிலேயே நிற்கிறது, அறுக்கப் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ராணுவச் சாவடியிலிருந்து சுடுகிறார்கள். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா தோண்டிய பள்ளத்தில் இருக்கிறோம். தஸ்லீமா அதற்குள் குந்திக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. அவள் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள், இன்னும் காலி செய்யவில்லை, அவளுக்கும் படிப்பு அதோடு நின்றுவிட்டது. ஆனாலும் நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிடுவாள்.

உன் போன கடிதத்தை இவள் படித்துக் காட்டினாள். அறையில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு நாட்டுக்காரர்களும் அணுகுண்டைப் பற்றிப் பேச, ஃபரீத் எங்ககிட்டயும் இருக்குடா, ஒங்கிட்ட மட்டுமா இருக்கு என்றானாம், நீ குக்கர் மூடியை எடுத்து அவன் வாயிலேயே அடித்து இரண்டு பல்லை உடைத்தாயாம். அப்பாவைக் கொன்ற ஊருக்காரன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன், ஒரே ஒரு குண்டு போட்டு அக்கரையையே துடைத்துவிட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, நான் உன்னைத் திட்டப் போவதில்லை. கோடையில் அக்கரைக் குண்டில் சிதறிய உன் அப்பாவைச் சோளக் கொல்லையில் பொறுக்கி என் சால்வையில் மூட்டையாகக் கட்டியபோது நானும் அதையேதான் சொன்னேன், இன்னும் மோசமாகச் சொன்னேன், அக்கரையில் ஒரு குழந்தைகூட மிஞ்சக் கூடாது என்று மண்ணை வாரித் தூற்றினேன். அன்றைக்கு அக்கரையில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதது யார் தெரியுமா, என் அக்கா, உன் பெரியம்மா சாஹிப் ஜான், ஃபரீத்தின் அம்மா. நான் திட்டியதெல்லாம் அவள் காதில் விழுந்தது. ஜனாஸாத் தொழுகை முடிகிற வரை அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சண்டை பெரிதாகும், இந்த முறை அணுகுண்டே போடுவார்கள் என்று ரேடியோவில் எந்த நேரமும் அதே பேச்சு. ஒரு நாள் ஜீப்பில் ஒரு அதிகாரி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தார். மசூதி முன்னால் எல்லோரையும் கூட்டி, வெளிச்சம் தெரிந்தால் அண்ணாந்து பார்க்காதீர்கள், பள்ளத்தில் குப்புறப் படுங்கள், தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள், ஜன்னலிலும் வாசலிலும் வெள்ளைத் துணியை நனைத்துத் தொங்கவிடுங்கள், வெள்ளை அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பும் என்றார். மாவு மில் லால் தீன் எழுந்து, சாஹிப், பீரங்கிக் குண்டுக்கே எங்க கல்லுச் செவுரு தாங்கல, அதுக்கு என் பொண்டாட்டி போர்வை தாங்குமா என்று கேட்டான். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது, சொன்னத செய்யுங்க என்றார். ஜீப் போன பிறகு லால் தீன், பொணத்துக்குச் சுத்துற கபன் துணிய இப்பவே மாட்டச் சொல்றாங்கப்பா, பின்னால செலவு மிச்சம் என்றான், எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு வெள்ளைத் துணியைத் தேடினோம். பயம் அப்படி. மறுநாள் காலையில் மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு வீடு பாக்கியில்லாமல் வெள்ளைத் துணி தொங்கியது.

உனக்குப் புரிந்திருக்கும். ஆற்றைக் கடக்க இரண்டு நாடும் விடுவதில்லை, அதனால்தான் கல்யாணம் என்றால் சிவப்புச் சால்வை, சாவு என்றால் வெள்ளைத் துணி, ஆற்றைப் பார்த்த பக்கம் தொங்கவிட்டால் அக்கரையில் இருக்கிற நம் ஜனம் கரைக்கு இறங்கி வரும், நாம் இறந்தவரை வைத்த சந்தூக்கைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோய் முகத்தைத் திறந்து காட்டுவோம். போன் போனாலும் சாலை போனாலும் இது ஒன்றுதான் நமக்கு மிஞ்சியது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆற்றை மறந்துவிட்டோம்.

அக்கரையில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும். ஊர் முழுக்க வெள்ளை. நம் ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை, விஷக் காற்றோ என்னவோ வந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வெயில் ஏறியபோது ஒரே கூக்குரல். நான் எட்டிப் பார்த்தால் அவர்கள் சரிவு முழுக்க ஜனம், பெண்கள் தலையில் துணி இல்லாமல், ஆண்கள் செருப்பு இல்லாமல், சிப்பாய்கள் தடுக்கத் தடுக்க ஆற்றை நோக்கி உருண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் பெரியம்மா. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள். குலாபு என்கிறாள், கொஞ்சம் நிறுத்துகிறாள், தஸ்லீமா என்கிறாள், நிறுத்துகிறாள். என் கால் உனக்குத் தெரியும், நான் சரிவில் பாதிகூட இறங்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற இவள், என்னைத் தாண்டி ஓடி, பாறை மேல் ஏறி, நாங்க இருக்கோம் பெரியம்மா, யாரும் சாகல, இது குண்டுக்குக் கட்டின துணி என்று கத்தினாள். இவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பெரியம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாகாமலே எதுக்குடி வெள்ள கட்டினீங்க, கழுதைங்களா, என் பாதி உசுரு போயிடுச்சு, ஒங்க அம்மாளுக்குப் புத்தி எங்க போச்சு என்று திட்டினாள். நான் சரிவில் நின்று சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். அவள் போகவில்லை. அந்த ரெண்டு தடியனுங்களும் பேசிக்கிட்டானுங்களாடி என்று கேட்டாள். பல் உடைந்ததை ஃபரீத் முன்பே அவளிடம் போனில் சொல்லியிருக்கிறான். தஸ்லீமா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே, பேசிக்கிட்டாங்க பெரியம்மா, ஒரே தட்டுல சாப்பிடுறாங்க என்று கத்தினாள். அப்ப சரி என்றாள் பெரியம்மா. பின்னால் அழுதுகொண்டு இறங்கி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப, கையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள்.

அப்போதுதான் சுட்டார்கள். அக்கரைக்காரன் இல்லை மகனே, நம் பக்கம், நம் தலைக்கு மேலே இருக்கிற சாவடி. இவ்வளவு கூட்டம் ஒன்றாக ஆற்றில் இறங்குவதைப் பார்த்து, கடந்து வந்து தாக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். நிற்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்களாம், அந்த அழுகையில் யாருக்குக் கேட்கும். முதலில் ஒன்று, பிறகு எல்லாத் துப்பாக்கியும். பெரியம்மாவுக்குக் கழுத்தில் பட்டது. கல் மேல் விழுந்து சறுக்கித் தண்ணீருக்கே வந்துவிட்டாள். அவளைத் தூக்க வந்த இரண்டு பேர் அவள் மேலேயே விழுந்தார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி விழுந்தாள், குழந்தை அவள் முதுகில் உட்கார்ந்து அழுதது. கரையோரக் கல்லெல்லாம் சிவப்பு. லால் தீன் தன் வீட்டு வெள்ளைத் துணியைப் பிடுங்கி ஆட்டிக்கொண்டு, சுடாதீங்கடா, எங்க எழவுக்கு வந்தவங்கடா என்று சாவடியைப் பார்த்து ஓடினான். பிறகு அக்கரைச் சாவடி திருப்பி அடித்தது. அதில்தான் நம் கொட்டகை போனது, பசு போனது, லால் தீனுக்கு வலது கால் போனது. அவன் மில் கல்லும் இரண்டாகப் பிளந்துவிட்டது. வெளிச்சம் வரும், பார்க்காதே என்று சொன்னார்கள், எந்த வெளிச்சமும் வரவில்லை, யாரும் பெரிய குண்டைப் போடவில்லை. அதைப் பற்றிய பயமே வந்து இத்தனை பேரைக் கொன்றுவிட்டுப் போய்விட்டது.

சத்தம் ஓய்ந்த பிறகு அவர்கள் பெரியம்மாவின் சந்தூக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கத்தில் நான் நின்றேன். முகத்தைத் திறந்து காட்டினார்கள். அந்த நேரம் மட்டும் இரண்டு சாவடியும் சுடவில்லை. கோடையில் நான் சபித்தபோது அவள் நின்ற மாதிரியே ஜனாஸா முடிகிற வரை நின்றுவிட்டு வந்தேன்.

அவர்கள் பக்கம் சாலையும் கம்பியும் அறுந்து கிடக்கின்றன, ஃபரீத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீதான் சொல்ல வேண்டும். எந்தத் துப்பாக்கி என்பதையும் மறைக்காமல் சொல். அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள், கையைத் தூக்காதே. அப்பாவுக்கு நீ அழுதபோது உன் தலையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான் என்று நீயே எழுதியிருந்தாய். மேல் ஊர் யாகூப் மஸ்கட்டுக்கு வருகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதமும் அக்ரூட் மூட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். அது நம் தோட்டத்து மரம் இல்லை, பெரியம்மாவும் நானும் சின்ன வயதில் ஏறி உலுக்கிய ஆற்றங்கரை மரம். ஃபரீத்துக்கு இரண்டு பல் இல்லை, கடிக்க முடியாது. நீ உடைத்து, பருப்பைப் பொடித்து, பாலில் ரொட்டியை ஊறவைத்து அதன் மேல் தூவிக் கொடு. ஒரே தட்டில் வைத்து நீயும் சாப்பிடு. உன் தங்கை சொன்ன ஒரே பொய் அது, அதைக் கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா நிம்மதியாகத் திரும்பினாள்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், அந்த அறையில் பூட்டு சரியில்லை என்றாயே. இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, இப்போது எந்த வீட்டிலும் வெள்ளைத் துணி இல்லை, கழற்றிவிட்டோம். அல்லாஹ் உன்னையும் அவனையும் ஒரே நிழலில் வைத்துக் காப்பாற்றட்டும். இனி நான் இரண்டு பேருக்கும் அம்மா, அவனிடம் அதையும் சொல்.

உன் அம்மா
குலாப் ஜான் (கைநாட்டு)

அண்ணா, அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். பேசிக்கொண்டார்கள் என்று சொன்னால் பெரியம்மா நம்ப மாட்டாள் என்றுதான் ஒரே தட்டு என்று சேர்த்துச் சொன்னேன். சாப்பிட்டதும் எழுது. தஸ்லீமா.